பெயிண்ட் அப்புறம், முதலில் எர்த்!

இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டால் பின்னாலிருக்கும் சிவப்பு விளக்கும் சேர்ந்து கண்ணடிக்கிறது. பிரேக்கை மிதித்தால் பார்க் லைட் மங்குகிறது. ஹார்னை அழுத்தினால்... சத்தமே இல்லை. பழைய கார் வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் இதில் ஒன்றையாவது சொல்வார். மெக்கானிக்கிடம் போனால் ஒரே வரியில் முடித்துவிடுவார். "ஒயரிங் போச்சு சார், மொத்தமா மாத்திடலாம்."

போனது பெரும்பாலும் ஒயரிங் இல்லை, எர்த்.

பேட்டரியிலிருந்து பல்புக்கு கரெண்ட் ஒயர் வழியாகப் போகிறது. திரும்பி வருவதற்குத் தனி ஒயர் கிடையாது, காரின் இரும்பு உடம்பு வழியாகத்தான் வர வேண்டும். அந்த வழியில் ஒரு போல்ட் துருப்பிடித்தால் போதும், கரெண்ட் பக்கத்து பல்புக்குள் புகுந்து வேறு வழி தேடும். இண்டிகேட்டர் போட்டால் சிவப்பு விளக்கு எரிவது இதனால்தான். புது பல்பு, புது ஸ்விட்ச், புது ஃபிளாஷர் எது மாற்றினாலும் சரியாகாது. ஆனால் பில் மட்டும் வரும்.

இதைப் படிக்க பழவேற்காட்டை விட நல்ல இடம் தமிழ்நாட்டில் குறைவு. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் போன்ற மீனவ கிராமங்கள். காற்றே உப்பு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரும்பும் செம்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அந்த ஈரம் பட்டால் அது ஒரு குட்டி பேட்டரி போல வேலை செய்து இரும்பை அரிக்கும். செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். ஒயரின் முனையில் நுழைந்த உப்பு நீர் உறைக்குள்ளேயே தூரம் தூரமாக ஏறிவிடும். வெளியே பார்க்கப் புதுசு போல இருக்கும், உறையைச் சீவினால் உள்ளே கரி மாதிரி கறுப்பு. ஈயம் கூட ஒட்டாது.

கார் கதைக்கும் பழவேற்காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அங்கிருந்து பொன்னேரி வழியாக முப்பது நாற்பது கிலோமீட்டர் வந்தால் சோழவரம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1980களின் கடைசி வரை கார் பந்தயம் நடத்திய அதே சோழவரம். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தபின் அந்த ஓடுதளம் அடங்கிவிட்டது.

அன்றைக்கு நடுத்தர வர்க்கத்து ஆளுக்குக் கிடைத்த ஸ்போர்ட்ஸ் கார் எது? ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். 1961-ல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர் அருகே ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி செய்ய ஆரம்பித்த இரண்டு கதவு கார். (ஸ்போர்ட்ஸ் கார் என்பது கொஞ்சம் தாராளமான பேச்சுதான். 948 சிசி எஞ்சின். நாலு பேர் ஏறினால் மேட்டில் மூச்சு வாங்கும். பின்னாளில் இந்தியாவுக்கென்றே நாலு கதவு வைத்தும் விற்றார்கள்.) ஆனால் ரத்தம் சரியான ரத்தம். இத்தாலியின் மிக்கெலோட்டி வரைந்த வடிவம். இதன் சேசிஸைச் சுருக்கித்தான் இங்கிலாந்தில் 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. மூக்கு மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். இந்த சுகத்தை இன்றைய எந்தக் காரும் தராது.

இந்த வண்டியின் அழகே இதன் எர்த் பிரச்சினைக்கும் காரணம். உடம்பு ஒரே துண்டு இல்லை, பல துண்டுகளை போல்ட் போட்டு சேசிஸில் பூட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு இணைப்பும் துருப்பிடிக்க ஒரு வாய்ப்பு. ஹெட்லைட் கவிழும் பானெட்டிலேயே இருப்பதால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதற்குப் போகும் ஒயர்கள் வளைந்து நிமிர்கின்றன. எஞ்சினோ ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரெண்ட் போகாது. எஞ்சினையும் சேசிஸையும் சேர்க்கும் ஒரு பின்னல் பட்டை இற்றுப்போனால் செல்ஃப் மோட்டார் எடுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் எங்கே போகும்? சோக் கேபிள் வழியாகப் போகும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சுடுகிறது என்றால் குற்றவாளி அந்தப் பட்டைதான். இது தெரியாமல் செல்ஃப் மோட்டாரையே கழற்றி ரீவைண்டிங் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

இப்போது பெயிண்ட் விஷயம். பழைய கார் வாங்கியவுடன் ஆட்கள் ஓடுவது டிங்கரிங், பெயிண்டிங் ஷெட்டுக்கு. பளபளவென்று பார்க்கத்தானே ஆசை! ஆனால் பெயிண்டில் கரெண்ட் பாயாது. போல்ட் உட்காரும் இடத்திலும் எர்த் முனையிலும் பெயிண்ட் ஏறினால், துரு விட்டுவைத்த வழியும் அடைபட்டுப்போகும். ஷெட்டுக்குப் போகும்வரை எரிந்த விளக்கு, திரும்பி வந்தபின் எரியாததற்கு இதுதான் காரணம். எலக்ட்ரீஷியனைத் திட்டிப் பயனில்லை.

கண்டுபிடிக்க மல்டிமீட்டர் ஒன்று போதும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றொன்றை விளக்கு ஹோல்டரின் இரும்பிலும் வைக்க வேண்டும். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அவ்வளவும் துருவில் வீணாகிறது. சிறிய எண்தானே என்று நினைத்தால் தப்பு. 45 வாட் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து ஏழரை ஆம்பியர் கேட்கும். நடுவில் ஓமில் ஐந்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காணாமல் போய்விடும். பொன்னேரி ரோட்டில் மழை இரவில் எருமை குறுக்கே வந்தால், அந்த மூன்றில் ஒரு பங்கின் அருமை தெரியும்.

வைத்தியம்? ஸ்பேனர், உப்புத்தாள், கொஞ்சம் வாசலின். (உப்பு செய்த வேலையைச் சரி செய்யும் தாளுக்கும் உப்புத்தாள் என்று பெயர் வைத்தவர் வாழ்க.) கழற்று, பளிச்சென்று தேய், முறுக்கிப் பூட்டு, மேலே வாசலின் தடவு. ஒயர் நிறமும் பாதி வேலையை மிச்சப்படுத்தும். அந்தக் கால பிரிட்டிஷ் வழக்கப்படி பழுப்பு நேரே பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதற்கு மேல் ஃபியூஸும் தாண்டி வருவது, கறுப்பு எர்த். முந்தைய ஓனர் எல்லாவற்றையும் சிவப்பு ஒயரிலேயே ஒட்டுப் போட்டிருந்தால் கடவுள்தான் துணை! இன்னொன்று, வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் விளக்கு மினுக்கினால் பயப்பட வேண்டாம். டைனமோவின் சுபாவமே அதுதான்.

உப்போடு வாழ்வது எப்படி என்று மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஃபைபர் படகின் சின்ன டீசல் எஞ்சின்களில் பெரும்பாலும் பேட்டரியே கிடையாது, கையால் சுற்றிவிட்டால் போதும். டீசலுக்குத் தீப்பொறியும் வேண்டாம். கெட்டுப்போகும் பாகமே இல்லாமல் பார்த்துக்கொள்வது ஒரு புத்தி. 2004 ஆழிப்பேரலையில் உப்புத் தண்ணீரில் மூழ்கிய எஞ்சின்களைத் தூக்கி எறிந்துவிடவில்லை. கரையோரம் முகாம் போட்டு பிரித்து, கழுவி, திரும்பப் பூட்டி, நிறைய எஞ்சின்களைக் கடலுக்கு அனுப்பினார்கள். கடலில் மூழ்கிய எஞ்சினுக்கே அந்த மரியாதை என்றால், ஷெட்டில் நின்ற காரைக் காயலான் கடைக்கு அனுப்பும் அவசரம் ஏன்?

காமர்ஸ் மாணவர்களுக்கு ஒரு கணக்கு. வருமான வரி விதிப்படி காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம், குறைந்த மதிப்பின் மேல். ஒரு லட்ச ரூபாய் கார் 50 வருடம் கழித்துப் புத்தகத்தில் சுமார் 30 ரூபாய் பெறும். பூஜ்யம் ஆகவே ஆகாது! அந்த 30 ரூபாய் வண்டிக்குத்தான் 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் பதிவு என்று விதி கொண்டு வந்தது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் கழித்துப் புதுப்பிக்க 5,000. முக்கியமான நிபந்தனை, சேசிஸ், பாடி, எஞ்சின் மூலத்தில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கரெண்ட் தொல்லை தாங்காமல் ஹெரால்டில் மாருதி எஞ்சினை இறக்கியவர்கள் அந்த இடத்திலேயே வரிசையிலிருந்து வெளியே. பழைய ஒயரைப் புது ஒயராக்கியவருக்கோ, எர்த் போல்டைத் தேய்த்துப் பூட்டியவருக்கோ ஒரு குறையும் இல்லை.

தினசரி ஓட்ட அந்தப் பதிவில் அனுமதி இல்லை என்பது வருத்தம்தான். கண்காட்சி, பந்தய ஊர்வலம், பெட்ரோல், ரிப்பேர், அவ்வளவுதான். ரிப்பேருக்குப் போகலாம் என்று இருக்கிறதே, ஹெரால்டுக்காரருக்கு அது போதும். வாரம் தவறாமல் ரோட்டில் இருப்பார்.