டாங்க் படும் பாடு

ஆவடி ஸ்டேஷனில் இறங்கி, "ஐயா, இங்கே டாங்க் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு வழி காட்டுவார். ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்த பெரியவர் என்றால், பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் கையை நீட்டுவார். மூன்றாவது ஆசாமி, "மொட்டை மாடியில் ஸார்! ஏன், நிரம்பி வழிகிறதா?" என்று பதறுவார். மூவர் சொல்வதும் சரிதான்!

இந்த இங்கிலீஷ் வார்த்தையின் பிறந்த வீடு இங்கிலாந்து அல்ல. குஜராத்தில் மழை நீரைச் சேர்த்து வைக்கும் நிலத்தடித் தொட்டிக்கு 'டாங்கா' என்று பெயர். அகமதாபாத்தின் பழைய வீடுகளில் முற்றத்துக்கு அடியில் இதைக் காணலாம். வியாபாரம் செய்ய வந்த வெள்ளைக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சு மூட்டையோடு இந்தச் சொல்லையும் கட்டிக்கொண்டு போனார்கள். போர்ச்சுகீசியர் பாஷையிலும் குளத்துக்கு 'டாங்க்கே' என்றொரு சொல் இருந்தது. இரண்டு பக்கத்துச் சொந்தமும் சேர்ந்துகொள்ளவே, வார்த்தை நிலைத்துவிட்டது. குஜராத்திச் சொல்லுக்கே மூலம் 'தடாகம்'தான் என்று வாதிப்பவர்களும் உண்டு.

நம் ஊருக்கு வந்த துரைமார்கள் கண்ணில் பட்ட நீர்நிலைகளுக்கெல்லாம் இதே பெயரைச் சூட்டினார்கள். வயலுக்குப் பாய்ச்சும் ஏரியும் டாங்க். குளிக்கும் குளமும் டாங்க். குடிநீர் எடுக்கும் ஊருணியும் டாங்க்! பூந்தமல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரிகூட ரிக்கார்டுகளில் டாங்க்தான். 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. நல்ல டாங்க், போங்கள்!

பூந்தமல்லி சாலையில் ஐயப்பன்தாங்கல் இருக்கிறதல்லவா? தாங்கல் என்றால் சிறிய ஏரி. உடனே, "அட, தாங்கல்தான் டாங்க் ஆயிற்று!" என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். காதுக்கு ஒத்து வந்தால் மட்டும் உறவு ஆகிவிடாது. ஆவடி என்பதே ராணுவ வாகனக் கிடங்கின் இங்கிலீஷ் முதலெழுத்துக்களைக் கோத்துச் செய்த பெயர் என்று சொல்பவர்கள் இல்லையா? 1955-ல் ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு கூடி, சோஷலிஸ பாணி சமுதாயம் பற்றித் தீர்மானம் போட்டது. டாங்கி செய்யும் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் விழுந்ததோ 1961-ல்!

சரி, தண்ணீர்த் தொட்டி எப்படிப் பீரங்கி தூக்கியது? 1915-ல் இங்கிலாந்தில் லிங்கன் என்ற ஊரில் இரும்புக் கவசம் போட்ட புதுமாதிரி யுத்த வண்டி ஒன்றை ரகசியமாகச் செய்தார்கள். 'தரைக் கப்பல்' என்று கூப்பிட்டால் எதிரிக்குப் புரிந்துவிடுமே! ஆகவே, பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி என்று கதை கட்டி, 'டாங்க்' என்று பெயர் வைத்தார்கள். 1916 செப்டம்பர் 15-ஆம் தேதி பிரான்ஸில் ஸோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக உருண்டு வந்தபோது குட்டு வெளிப்பட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1965-ல் ஆவடியிலிருந்து விஜயந்தா வெளியே வந்தது. பிற்பாடு அர்ஜுன் வந்தது. தமிழர்களும் கெட்டிக்காரர்கள்தான். ஓர் இகரத்தைச் சேர்த்து யுத்த வண்டியை 'டாங்கி' ஆக்கி, மாடித் தொட்டியிலிருந்து பிரித்துவிட்டார்கள்.

ஆனால் ஏரியையும் மாடித் தொட்டியையும் அவ்வளவு சுலபமாகப் பிரித்துவிட முடியாது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாற்றங்கரை வீடுகள் மிதந்தன. நாலே வருஷத்தில், 2019 கோடையில், அதே ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்த ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயில் புறப்பட்டது. ஐம்பது டாங்க் வேகன்கள். சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீர். ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் என்று ஏரிக்குப் பெயர் போன ஊர்களையெல்லாம் தாண்டி, அது வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. யுத்த ரகசியத்துக்காகக் கட்டிய 'தண்ணீர் கொண்டுபோகும் டாங்க்' கதை நூறு வருஷத்துக்குப் பிறகு நம் தண்டவாளத்தின் மேல் நிஜமாகிவிட்டது!

ஏரிக்குள் குப்பையைக் கொட்டிவிட்டு, வரத்துக் கால்வாயின் மேல் வீட்டைக் கட்டிவிட்டு, மாடியில் மட்டும் ஆயிரம் லிட்டர் டாங்க் வாங்கி வைத்து என்ன பிரயோஜனம்? அது நிரம்ப வேண்டுமானால் முதலில் பெரிய டாங்க் நிரம்ப வேண்டும். இந்த வருஷம் ஐப்பசி பிறப்பதற்குள் உங்கள் ஊர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். "இதற்குப் பெயர் டாங்க்" என்று சொல்லாதீர்கள். "ஏரி" என்றே சொல்லிக் கொடுங்கள்.