செத்த வீட்டில் யாருடைய பாட்டு?

கல்குடாவிலும் வாழைச்சேனையிலும் கிரானிலும், மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், ஒருவர் கண்ணை மூடினால் அவர் வீட்டில் என்ன ஒலிக்க வேண்டும் என்பதை அவரே சொல்லிவிட்டுப் போன காலம் மிகக் குறைவு. நெடுங்காலம் அதைச் சாதி தீர்மானித்தது. பிறகு போர் தீர்மானித்தது. ஒருமுறை கடல் தீர்மானித்தது. அதனால்தான், இன்று ஒரு முதியவர் தன் பிள்ளைகளை அழைத்து "நான் போகையில் இந்தப் பாட்டைப் பாடுங்கள்" என்று சொன்னால், "சாவைப் பற்றி இப்படியா பேசுவது?" என்று அவர் வாயை அடைக்கக் கூடாது. அவர் கேட்பது இந்த மண்ணில் பலருக்குக் கிடைக்காமலே போன ஓர் உரிமை.

பறையிலிருந்து தொடங்குவோம். சாவுச் செய்தி ஊருக்கு எட்டியது ஒரு காலத்தில் பறையொலியால்தான். பெரிய பறை, சிறு பறை, கூடவே சொர்ணாளி என்ற குழல். இறந்தவர் எந்தக் குடி, என்ன மதிப்பு என்பதைச் சா வீட்டு வரிசைகளே ஊருக்குக் காட்டின. வெள்ளை கட்டுவதும் நிலபாவாடை விரிப்பதும் பறை முழக்குவதும் அந்த வரிசைகளில் அடங்கும். அவற்றைச் செய்து கொடுத்தவர்கள் பிறப்பால் அந்த வேலைக்குக் கட்டுப்பட்டவர்கள். அழைத்தால் வர வேண்டும். வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே கிழக்கிலங்கையின் பறையரைப் பற்றி 1983இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, சாவுப் பறை எப்படி அவர்களின் தாழ்வுக்கு அடையாளமாக்கப்பட்டது என்பதைப் பதிவு செய்தது. ஆக, ஒருவருடைய சாவின் கௌரவம் இன்னொருவருடைய வாழ்வின் அவமானத்தின் மேல் நின்றது. யாழ்ப்பாணத்தில் பறையைக் கீழே வைப்பதே விடுதலை என்று பலர் முடிவெடுத்தார்கள். மட்டக்களப்பில் அம்மன் கோயில் சடங்குகளிலும் பறைக்கு இடம் இருந்ததால் அது முற்றாக ஓயவில்லை. பின்னாளில் பல்கலைக்கழக அரங்குகளுக்கும் கலையாக ஏறியது.

பறைக்கு அப்பாலும் இங்கே பாட்டுக்குக் குறைவிருந்ததில்லை. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சொல்லி அழும் ஒப்பாரி இருந்தது. பாண்டவர்கள் வைகுந்தம் சேர்ந்த கதையைச் சொல்லும் வைகுந்த அம்மானையை மரண வீடுகளில் ராகத்தோடு படிக்கும் வழக்கம் இருந்தது. சைவர்களின் இறுதிக் கிரியையில் சுண்ணம் இடிக்கும்போது மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம் பாடப்படுகிறது. இருபது பாட்டுகள் கொண்ட அந்தப் பதிகத்தில் சாவும் இல்லை, அழுகையும் இல்லை. இறைவன் நீராடப் பொற்சுண்ணம் இடிக்கும் பெண்கள் கூடிப் பாடும் மகிழ்ச்சிப் பாட்டு அது. பிரேதத்தின் முன்னே அதைப் பாடலாம் என்று முதலில் துணிந்தவர் யாரோ, பெரிய மனம் படைத்தவர். சாவுக்கு ஏற்ற பாட்டு சோகப் பாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதி நம் மரபில் இல்லை.

1814இல் மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்திறங்கிய பின், ஞானப்பாட்டுகளும் கீர்த்தனைகளும் வாவிக்கரைச் சா வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. பக்கத்து ஓட்டமாவடியில் முஸ்லிம்கள் ஜனாஸாவை இசையில்லாமல், தொழுகையோடு அனுப்புகிறார்கள். அந்த அமைதியும் ஒரு தெரிவுதான். அதைப் பறித்தால் என்ன ஆகும் என்பதை 2020இல் நாடு பார்த்தது. கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயமாக எரித்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் அடக்கம் செய்ய அனுமதித்தபோது, அதற்கென ஒதுக்கிய இடம் ஓட்டமாவடி மஜ்மா நகர். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உடல்கள் அங்கே வந்தன. பெரும்பாலோர் முஸ்லிம்கள், மற்ற மதத்தவரும் இருந்தார்கள். சொந்த ஊர் மண்ணும் இல்லை, ஊர் கூடி நிற்கவும் வழியில்லை.

அதற்கு முன்னும் எத்தனையோ பேர் வழியனுப்புவாரின்றிப் போனார்கள். 1990 செப்டம்பர் 5ஆம் தேதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், திரும்பவில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் படுகொலை நடந்தது. உடல் கிடைக்காத வீட்டில் யார் எந்தப் பாட்டைப் பாடுவது? கிரான் பக்கம் தரவைத் துயிலும் இல்லத்தில் புதைக்கப்பட்ட போராளிப் பிள்ளைகளுக்கு விடுதலைப் புலிகள் இயக்கத்தின் பாட்டு ஒலித்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தப் பாட்டு பிடிக்கும் என்று தாய்க்குத் தெரிந்திருந்தாலும், கேட்பவர் இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை கல்குடா, பாசிக்குடாக் கரைகளை அள்ளிக்கொண்டு போனபோது, உடல்களை அவசர அவசரமாக மண்ணுக்குள் வைக்க வேண்டியிருந்தது. பறைக்கும் நேரமில்லை, பதிகத்துக்கும் நேரமில்லை.

தன் சாவுக்குப் பாட்டுக் குறித்து வைத்த பெரியவர்களும் உண்டு. ரவீந்திரநாத் தாகூர் 1939 டிசம்பரில் 'அஞ்சல் நிலையம்' நாடகத்துக்காக ஒரு பாட்டு எழுதினார். அமைதிக் கடலை நோக்கிப் படகைச் செலுத்தும்படி ஓடக்காரனிடம் கேட்கும் பாட்டு. பிறகு, தான் இறந்த பின்தான் அதைப் பாட வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். 1941 ஆகஸ்ட் 7ஆம் தேதி அவர் மறைந்ததும் சாந்திநிகேதன் அந்தச் சொல்லைக் காப்பாற்றியது. நம் மண்ணில், சமாதியிலும் சொந்தப் பாட்டாலேயே நினைவுகூரப்படும் சுவாமி விபுலானந்தர் இருக்கிறார். வாழ்நாள் உழைப்பான யாழ் நூலை 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றினார். ஜூலை 19ஆம் தேதி காலமானார். கல்லடி உப்போடையில் அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்தின் முன்னே சமாதி வைத்து, அவருடைய பாட்டையே அதன்மேல் பொறித்தார்கள். இறைவன் உவக்கும் மலர் எது என்று கேட்டு, பூவைக் காட்டாமல் மனிதனின் உள்ளத்தைக் காட்டும் பாட்டு. அவர் யார் என்பதை வேறெந்தப் புகழுரையும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது.

தாகூரும் சுவாமியும் கவிகள், நமக்கு எதற்கு இது என்று கேட்க வேண்டாம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் நம்மவர் இறந்தால், தகன மண்டபத்தில் கிடைப்பது அரை மணி, முக்கால் மணி நேரம். என்ன பாட்டு என்று மண்டபத்தார் முதலிலேயே கேட்டுவிடுகிறார்கள். அழுது களைத்த பிள்ளைகள் அங்கே கைபேசியில் தேடி, கண்ணில் பட்ட சினிமாப் பாட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். அம்மா ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த வருத்தம் இல்லை. இங்கும் அப்படித்தான். தேவாரமோ கீர்த்தனையோ கூத்துப் பாட்டோ, பறையோ, எதுவுமில்லாத அமைதியோ, எதுவானாலும் சொல்லி வையுங்கள். முடிந்தால் எழுதி வையுங்கள்.

எழுதும்போது இரண்டு பேரை மறக்க வேண்டாம். ஒருவர் பறை அடிக்க வருபவர். பறை வேண்டுமென்றால் அவரைக் கலைஞராக அழையுங்கள். நல்ல கூலி கொடுங்கள். மற்றவர்களோடு ஒரே பந்தியில் இருத்துங்கள். வர விருப்பமில்லை என்றால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். மற்றவர் ஒப்பாரி சொல்லப்போகும் பெண். அவள் என்ன சொல்லி அழுவாள் என்பதை உங்களால் முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் கூடாது. உங்கள் பாட்டு ஒலிபெருக்கியில் அலறி அவள் குரலை மூடிவிடக் கூடாது. இறந்தவரின் விருப்பத்துக்குக் கொஞ்ச நேரம் போதும். மிச்ச நேரம் இருப்பவர்களுக்கு உரியது.

சாதியும் துப்பாக்கியும் அலையும் அரசாணையும் மாறி மாறித் தீர்மானித்த ஒன்றை, இப்போது நாமே தீர்மானிக்கலாம் என்ற நிலை வந்திருக்கிறது. இந்தச் சுதந்திரத்தைக் கூச்சப்பட்டு வீணாக்க வேண்டாம். அடுத்த முறை வீட்டுப் பெரியவர் இந்தப் பேச்சை எடுத்தால், எந்தப் பாட்டு, யார் பாட வேண்டும், யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்க ஆளில்லாமல் போனவர்கள் இந்தக் கரையில் ஏராளம்.