கலத்தில் விளையும் இறைச்சி

உயிரைக் கொல்லாது ஊன் பெறுதல் கூடுமோ என்னும் வினா நெடுநாள் நகைப்புக்கிடமாகவே இருந்தது. உண்ண வேண்டிய உறுப்பினை மட்டும் தனியே வளர்த்துக்கொள்ளும் காலம் ஐம்பதாண்டில் வருமென்று வின்ஸ்டன் சர்ச்சில் 1931-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் எழுதினார். அவர் இட்ட காலக்கணக்கே தவறியது. 2013 ஆகஸ்டில், மாஸ்டிரிக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் போஸ்ட் என்பார், பசுவின் தசையணுக்களினின்று வளர்த்த ஊன்வட்டு ஒன்றினை இலண்டன் மாநகரில் பலர் காணச் சமைப்பித்தார். அவ்வொரு வட்டிற்கு ஆன செலவு ஏறத்தாழ இரண்டரை இலட்சம் யூரோ! 2020 டிசம்பரில் சிங்கப்பூர் அரசு, உலகில் முதன்முதலாக, இவ்வாறு வளர்த்த கோழியிறைச்சியை விற்க இசைவளித்தது. 2023 ஜூனில் அமெரிக்காவும் இரு நிறுவனங்களுக்கு இசைவு நல்கிற்று. அவ்விரண்டனுள் ஒன்றைத் தோற்றுவித்த உமா வலேட்டி என்பார் விஜயவாடாவில் வளர்ந்து, நம் அண்டையிலுள்ள புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் பயின்றவர்.

இது செய்யப்படும் முறை யாதெனில், உயிருள்ள விலங்கின் தசையினின்று கடுகளவு ஊனெடுத்து, அதனுள் பெருகும் ஆற்றலுடைய உயிரணுக்களைப் பிரித்து, சர்க்கரை, உப்புக்கள், அமினோ அமிலங்கள் முதலியன கலந்த ஊட்டநீரில் இட்டு, விலங்கின் உடற்சூட்டிலேயே எஃகுக் கலங்களில் வளர்ப்பர். நுண்கிருமி ஒன்று புகினும் கலம் முழுதும் கெடும். அணுக்கள் பெருகினால் மட்டும் போதாது. இறைச்சிக்குரிய நார்த்தன்மை பெற அவை பற்றிப் படர ஒரு சாரமும் வேண்டும். 2019-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், ஜெலாட்டினைச் சுழற்றி நுண்ணிய இழைகளாக்கி, அவ்விழைகளின்மீது முயல், பசு ஆகியவற்றின் தசையணுக்களை வளர்த்துக் காட்டினர். பஞ்சுமிட்டாய் செய்யும் வகையை ஒத்த வேலை! நூற்பையே பிழைப்பாகக் கொண்ட எம் நாட்டார் இதனைக் கேட்டு வியவாதிரார்.

கொலை முற்றும் நீங்கிற்றோ எனின், தொடக்கத்தில் நீங்கவில்லை. கருவிலிருந்த கன்றின் குருதிநீரே ஊட்டநீரிற் சேர்க்கப்பட்டது. சினைப்பசுவைக் கொன்றன்றி அது கிடையாது. அஃதின்றி வளர்க்கும் முறைகள் பின்னரே வந்தன. திருவள்ளுவர் புலால் மறுத்தலைத் துறவறவியலில் வைத்தாராயினும், விலைகொடுத்து வாங்குவாரையும் கொலைக்குப் பொறுப்பாக்கினமையின் அவ்வதிகாரம் இல்லறத்தாரையும் விட்டபாடில்லை. கலத்தில் விளைந்த ஊனுக்கு அவ்விலக்கு எவ்வளவு பொருந்தும் என்பது புலவர் மன்றத்தில் ஆராயத்தக்கது. யான் அதனை ஈண்டு விரிக்கப் புகுந்திலேன்.

நிற்க. இதனால் உலகிற்கு நன்மை உண்டோ? மக்களால் விளையும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடைத் தொழிலால் வருவதென்று உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் கணக்கிட்டது. இக்குற்றம் புதுமுறையிற் குறையலாம். எனினும், மருந்து செய்வதற்குரிய தூய்மையிலேயே ஊட்டநீரைச் செய்வதாயின் மாட்டிறைச்சியினும் மிகுதியாகவே தீங்கு விளையுமென்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2023-இல் கூறினர். ஆகவே இரு பாலாரும் இப்போதே வெற்றிமுரசு கொட்டுதல் தகாது. இத்தாலி 2023-இலும், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2024-இலும் செய்ததுபோல் அடியோடு தடுப்பதும் எனக்கு உடன்பாடன்று. பிறர் கற்றுக்கொண்டிருக்கையில் நாம் கண்மூடியிருந்தால், நாளை அவர் சொன்ன விலைக்கே வாங்க நேரும்.

சோமனூரில் இருந்து நோக்குவார்க்கு இதன் உண்மையான இடர் வேறிடத்தில் தோன்றும். எம்மூர் விசைத்தறியாளர் பலர் தம் சொந்தத் தறியிலேயே நெய்கின்றனர். ஆயினும் பாவும் ஊடையும் அவருடையன அல்ல. நூல் தருவாரிடம் துணியை ஒப்புவித்துக் கூலி பெறுதலே அவர்க்கு உரியது. அக்கூலியும் உயராமையால் 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகளை நிறுத்தி வாரக்கணக்கில் வாளாவிருந்தனர். எம்மூர்க்கு அணித்தான பல்லடத்துச் சுற்றுப்புறத்திலும் இதுவே நிலை. கொட்டகையும் மின்கட்டணமும் உழைப்பும் உழவருடையன. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தினுடையன. நாற்பது நாளளவில் கோழியை எடைபோட்டு ஒப்புவித்து வளர்ப்புக்கூலி பெறுவர். 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கோழியினத்தில் இந்தியாவிலேயே முதலாய் நின்று, 12 கோடிக்கு மேற்பட்டவற்றை உடையது தமிழ்நாடு. இக்கொட்டகைகளின் கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களை எண்ணாமல் புதுமையைப் புகழ்தல் எளிது.

எஃகுக் கலங்களை நாளைக்கு நம்மவரும் வாங்கலாம். கூட்டுறவுச் சங்கம் அமைத்தும் நடத்தலாம். ஆனால் கலத்தில் இடும் அணுவும், அதனை வளர்க்கும் ஊட்டநீரின் செய்முறையும் பிறருடைய காப்புரிமையாயின், மீண்டும் கூலிக்கு நெய்யும் நிலையே நமக்கு வந்துறும். தறி இருந்தும் நூலில்லாதார் படும் பாட்டினைக் கண்டோர்க்கு இதனை விரித்துரைத்தல் மிகை.

அரசினர் பொருள் இவ்வாராய்ச்சியிற் செலவாகத் தொடங்கிவிட்டது. ஹைதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்திற்கும் தேசிய இறைச்சி ஆராய்ச்சி மையத்திற்கும் 2019-இல் நடுவணரசு ஏறத்தாழ நாலரைக் கோடி ரூபாய் ஒதுக்கிற்று. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், வஞ்சிரம், வாவல் முதலிய மீன்களின் ஊனை இம்முறையில் வளர்க்க 2024 ஜனவரியில் தனியார் நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் செய்தது. அரசினர் பங்கு அணுக்களை வகுத்து அளித்தல். ஊட்டநீரும் கலவளர்ப்பும் தனியார் பங்கு. விளைவின் உரிமை எவர்க்கு எவ்வளவு என்பதனைப் பொதுமக்கள் கேட்டறிதல் வேண்டும். பொதுப்பணத்தாற் பெற்ற அணுக்கள் பொதுவுடைமையாகவே இருத்தல் முறை. நம் கால்நடைப் பல்கலைக்கழகம் அசீல் கோழி, மேச்சேரி ஆடு முதலிய நாட்டினங்களின் அணுக்களைத் திரட்டிக் காத்து, கோழிப்பண்ணையாளர் சங்கங்களுக்குச் சிறு கட்டணத்தில் அளிக்க முன்வரலாம். விசைத்தறியாளர்க்கு நூல்வங்கி வேண்டுமென்று கேட்கின்றோம். அவ்வகையில் ஓர் அணுவங்கியையும், அணுக்கள் பிறர் பெயரிற் பதிவாகுமுன், இப்போதே கேட்டுவைத்தல் நன்று.