வீட்டின் ஆயுசை யார் சொல்வது?

கட்டட வேலையை மேற்பார்வை பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்பார்: "ஏனுங்க சார், வீடு கட்டறமுங்க. எத்தனை வருசம் தாங்குமுங்க?" பி.எஃப். பணம், பூமி விற்ற பணம் என்று இருப்பதை எல்லாம் போட்டுவிட்டுக் கேட்கிறார்கள். வாய்க்கு வந்தபடி நூறு வருஷம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோக முடியாது.

கம்பி, சிமென்ட், பெயின்ட் என எல்லா விளம்பரத்திலும் பல வருஷ உத்தரவாதம் உண்டு. ஆனால் ஒரு பொருளின் ஆயுசு அந்தப் பொருளுக்குள் மட்டும் இல்லை என்பது என் கருத்து.

நம் ஊரையே பாருங்கள். விக்டோரியா டவுன்ஹால் 1892இல் கட்டியது. மதுக்கரைக்கு சிமென்ட் ஆலை வந்தது 1934இல்தான். ஆலைக்கு 42 வருஷம் மூத்த கட்டடம், அவ்வப்போது பழுது பார்த்து இன்றும் நிற்கிறது. சிங்காநல்லூர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு 1980களில் கட்டியது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். கூரைக் காரை பெயர்ந்து, கம்பி வெளியே தெரிந்து, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தாருங்கள் என்று மக்கள் பல வருஷம் அலைந்தார்கள். பழசு எல்லாம் உசத்தி, சிமென்ட் மட்டம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வேறு கணக்கு இருக்கிறது.

ஜப்பானியர்கள் தொடங்கிவைத்து, பிறகு ஐ.எஸ்.ஓ. 15686 என்ற சர்வதேசத் தரத்தில் இடம்பெற்ற கணக்கு அது. ஒரு பொருளின் வழக்கமான ஆயுசை எடுத்துக்கொண்டு, அதை ஏழு விஷயங்களால் பெருக்க வேண்டும். பொருளின் தரம், வடிவமைப்பு, வேலைத்திறம், உள்சூழல், வெளிச்சூழல், பயன்படுத்தும் விதம், பராமரிப்பு. உதாரணத்துக்கு 40 வருஷம் வரும் ஒரு பொருள் என்று வையுங்கள். வேலையும் பராமரிப்பும் சுமார் என்றால் 40ஐ 0.8ஆல் இரண்டு முறை பெருக்குங்கள்; 26 வருஷம்கூட வராது. இரண்டும் நன்றாக இருந்து 1.2 போட்டால் 57ஐத் தாண்டும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய பொருள்தான்! ஏழில் பொருளின் தரம் ஒன்றே ஒன்று என்பதைக் கவனியுங்கள். நாமோ மொத்தப் பேரத்தையும் அதில்தான் நடத்துகிறோம்.

வேலைத்திறம் எப்படி ஆயுசைத் தின்னும் என்று கேட்கலாம். கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றில் உள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே போய் அந்தக் காரத்தை அழிக்கிறது. ஆழம் இரண்டு மடங்கானால், அங்கே போய்ச்சேர ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் பிடிக்கும். 10 மி.மீ. போக 15 வருஷம் என்றால், 20 மி.மீ. போக 60 வருஷம். ஐ.எஸ். 456 விதி கடுமை குறைந்த சூழலுக்கே பொதுவாக 20 மி.மீ. கவர் கேட்கிறது. கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டைச் செருகிவிட்டால், ஆள் நடக்கும்போதே கம்பி சென்ட்ரிங் பலகையோடு ஒட்டிவிடும். போனது ஒரு சென்டிமீட்டர், போன ஆயுசோ முக்கால் பங்கு. தண்ணீர் விடுவதும் அப்படித்தான். சாம்பல் கலந்த சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் நனைக்க வேண்டும். மூன்றாம் நாளே விட்டுவிட்டால் மேல்தோல் நுண்துளையாகிவிடும்.

சூழலுக்குக் குழாயைப் பாருங்கள். சிறுவாணித் தண்ணீர் ஓடும் ஜி.ஐ. குழாயும், போர் உப்புத் தண்ணீர் ஓடும் ஜி.ஐ. குழாயும் ஒரே வயசு வாழாது. இதில் கொடுமை என்னவென்றால், சீக்கிரம் போகக்கூடிய குழாயையும் ஒயரையும், நெடுநாள் இருக்கக்கூடிய சுவருக்குள் வைத்துப் பூசி, மேலே டைல்ஸும் ஒட்டிவிடுகிறோம். குழாய்க்கு ஆயுசு முடிந்தால் சுவருக்கும் வெட்டு.

பராமரிப்பின் பலத்துக்குப் பாம்பன் ரயில் பாலமே சாட்சி. இரும்பை உப்புக்காற்று அரிக்கும் இடத்தில் 1914இல் திறந்த பாலம். 1964 புயலில் அடித்துப்போன பகுதிகளை மறுபடி நிறுத்தினார்கள். சுரண்டிப் பெயின்ட் அடிப்பது ஓயாத வேலையாக நடந்தது. 2022 டிசம்பர் வரை அதில் ரயில் ஓடியது. கடலே இல்லாத கோயமுத்தூரில் ஒரு கட்டடம் நாற்பது வருஷத்தில் நொறுங்குகிறது என்றால், பழியை இரும்பின் மேல் போடுவது நியாயமா?

ஆகவே "எத்தனை வருஷம் தாங்கும்?" என்பதை விட்டுவிடுங்கள். இஞ்சினியரிடம் இப்படிக் கேளுங்கள்: "முதலில் எது போகும்? அதைச் சுவரை உடைக்காமல் மாற்ற முடியுமா? மாற்ற எவ்வளவு ஆகும்?" இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுங்கள். கான்கிரீட் போடும் அன்று கவர் பிளாக் இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

அடுக்குமாடியில் இருக்கும் நம் வயசுக்காரர்களுக்கு இன்னொன்று. மாதாமாதம் கட்டும் பணம் வாட்ச்மேனுக்கும் லிஃப்டுக்கும் சரியாகப் போய்விடுகிறது. மொட்டைமாடித் தளமும் குழாயும் ஒருநாள் மாற்ற வேண்டியவை. அந்த நாள் வரும்போது நமக்குச் சம்பளம் வராது, பென்ஷன்தான். அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் அதற்கென்று ஒரு தனிக்கணக்கு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். நான் சொல்லியாயிற்று. முணுமுணுப்பு இருந்தது, ஆனாலும் ஆரம்பித்துவிட்டார்கள்.