குதிரையை விற்கிறார்கள், கொள்ளு யார் வாங்குவது?

சரக்கு வண்டி வாங்கப் போகும் பிள்ளைகள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, "எத்தனை ஹெச்.பி.?" அடுத்து, "மைலேஜ் எவ்வளவு?" விற்பவர் கூசாமல் "இரண்டுமே அதிகம்" என்கிறார். வாங்கிய பிறகு வேகம் போதவில்லை என்றால் அதற்கும் ஒருவர் கடை திறந்து வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரை மாட்டி 'ரீமேப்' செய்தால் பவரும் ஏறுமாம், மைலேஜும் ஏறுமாம். இது ஏமாற்று வேலை என்பது என் கட்சி.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு இதை 'ஷெவால் வப்பேர்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். 75 கிலோ எடையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அது ஒரு குதிரைத்திறன். 'ஒரு வினாடியில்' என்பதுதான் அதில் முக்கியம். எவ்வளவு பாரம் இழுக்கலாம் என்பதை அது சொல்லாது, எவ்வளவு விரைவில் இழுக்கலாம் என்பதைத்தான் சொல்லும். பாரத்தை நகர்த்துவது எஞ்சினின் இழுவையும் கியரும். 2005ல் வந்த டாடா ஏஸ், நம் ஊரார் 'குட்டி யானை' என்று பெயர் வைத்த வண்டி, இரண்டு சிலிண்டரும் 16 குதிரையும் கொண்டு முக்கால் டன் சுமந்தது. காய்கறிக்காரரும் தண்ணீர் கேன் போடுபவரும் அதை வைத்துத்தான் பிழைத்தார்கள்.

ஒரு கணக்கு போடுவோம். சரக்கோடு இரண்டரை டன் எடையுள்ள பிக்கப் வண்டி, சமதளச் சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போக, டயரின் உராய்வையும் எதிர்க்காற்றையும் வெல்ல ஏறக்குறைய 13 குதிரை போதும். அதே வண்டியை 80ல் ஓட்டினால் 24, 25 குதிரை வேண்டும். வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்கு, தேவைப்படும் சக்தியோ கிட்டத்தட்ட இரட்டிப்பு. புதுச்சேரியிலிருந்து கடலூருக்கும் திண்டிவனத்துக்கும் போய்வர எந்த மலையை ஏறப்போகிறோம்? மீதிக் குதிரைகள் லாயத்தில் நின்று தின்றுகொண்டிருக்கும்.

சின்ன எஞ்சினே எப்போதும் சிக்கனம் என்று பேசுகிறவர்களையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றி, பெடலைத் தரையோடு தரையாக மிதித்து, கரும்புகை கக்கிக்கொண்டு போகிறார்களே, அந்தப் புகை சரியாக எரியாத டீசல், அதாவது காசு. டீசல் எஞ்சின் நடுத்தரச் சுற்றில், ஓரளவு நல்ல சுமையோடு ஓடும்போதுதான் சிக்கனமாக இருக்கும். பெரிய எஞ்சினைக் காலி வண்டியோடு ஓட்டினாலும் நஷ்டம், சின்னதை வதைத்தாலும் நஷ்டம். தினமும் ஏற்றும் சுமைக்குத் தக்க எஞ்சின் என்பதே சரியான வழி.

பாரிஸில் 1858ல் பிறந்த ருடால்ஃப் டீசல் இந்த எஞ்சினைப் படைத்ததே எரிபொருளை மிச்சம் பிடிக்கத்தான். நீராவி எஞ்சின்கள் நிலக்கரியின் சக்தியில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்தத் திணறிய காலம் அது. 1897ல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சினைச் சோதித்தபோது 26 சதவீதம் கிடைத்தது. சிக்கனத்துக்கென்றே பிறந்த எஞ்சினை இன்று பந்தயக் குதிரையாக்கி விளம்பரம் செய்கிறார்கள்.

இனி ரீமேப். கூடுதல் குதிரை கூடுதல் டீசலை எரித்துத்தான் வரும், வானத்திலிருந்து வராது. "குறைந்த சுற்றிலேயே இழுவை கூடுவதால் மேல் கியரில் ஓட்டலாம்" என்கிறார்கள். அதில் ஒரு துளி உண்மை உண்டு. ஆனால் காசு கொடுத்து பவர் வாங்கியவன் மெதுவாக மிதிப்பானா? வெயிலுக்கும் மட்டமான டீசலுக்கும் எஞ்சினின் ஆயுளுக்கும் என்று கம்பெனிக்காரன் விட்டுவைத்த இடைவெளியைத்தான் இவர்கள் எடுத்து விற்கிறார்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் புகை கூடினால் புகைபோக்கி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அந்தச் செலவை ரீமேப் செய்தவர் ஏற்கமாட்டார்.

அலுவலகத்தில் பல ஆண்டுகள் வண்டிகளின் லாக் புக்கைச் சரிபார்த்தவன் நான். ஒரே ஜீப், ஒரே சாலை. டிரைவர் மாறினால் லிட்டருக்கு இரண்டு கி.மீ. வித்தியாசம் வரும். அந்த இரண்டு கி.மீ.யின் விலை என்ன? நாளுக்கு 120 கி.மீ. ஓடும் வண்டி லிட்டருக்கு 12 கொடுத்தால் 10 லிட்டர் குடிக்கும். 14 கொடுத்தால் எட்டரை லிட்டரோடு நிறுத்திக்கொள்ளும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால், 25 நாளில் மிச்சம் ஏறக்குறைய 3,200 ரூபாய். மாதத் தவணை கட்டுகிற பையனுக்கு அது பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு.

கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் குதிரை என்பார்கள். பேரப்பிள்ளைகள் யாராவது வண்டி வாங்கப் போனால், எத்தனை குதிரை என்று கேட்பதற்கு முன், தினமும் எத்தனை மூட்டை, எவ்வளவு தூரம், என்ன சாலை என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். 60க்கு மேல் மிதிக்காதே, டயரில் காற்று பார், அனுமதித்த பாரத்துக்கு மேல் ஏற்றாதே. இதற்கெல்லாம் எந்தக் கடையிலும் காசு கேட்க மாட்டார்கள்.