மாத்திரையும் விசுவாசமும்



"ஜெபித்துவிட்டோம், இனி இரத்த அழுத்த மாத்திரை வேண்டாம்" என்று விசுவாசிகளில் சிலர் தாங்களாகவே தீர்மானித்துவிடுகிறார்கள். இதை விசுவாசம் என்று நான் கருதவில்லை.

மரணப்படுக்கையில் எசேக்கியா ராஜா கண்ணீரோடே ஜெபித்தான். அவன் ஆயுசில் 15 ஆண்டுகளைக் கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்களித்தார். அதன் பின்பும் அவனுடைய பிளவைக்கு அத்திப்பழ அடையை வைக்கும்படி ஏசாயா சொன்னார் (2 இராஜாக்கள் 20). வாக்குத்தத்தம் மருந்தை விலக்கவில்லை.

நம் தேசத்தில் வளரும் சர்ப்பகந்தியின் வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். 1952-இல் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அந்த வேருக்குள் அக்குணத்தை வைத்தவர் சிருஷ்டிகர் அல்லவா?

இன்று பலர் உட்கொள்ளும் அம்லோடிபின், இரத்தக்குழாய்களின் சுவரைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கிறது. அதை நிறுத்தினால் அழுத்தம் மறுபடியும் ஏறக்கூடும். பெரும்பாலும் வலியோ அறிகுறியோ இராது. பக்கவாதமே முதல் எச்சரிப்பாகவும் வரலாம்.

சுகமானேன் என்று சாட்சி சொல்ல விரும்புகிறீர்களா? குஷ்டரோகிகளை இயேசு ஆசாரியர்களிடம் காண்பிக்க அனுப்பினாரே! நீங்களும் ஜிப்மருக்கோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று அளந்து பாருங்கள். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லட்டும். அதுவரை அனுதினமும் ஸ்தோத்திரத்தோடே அதை உட்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களுக்கு நல்ல சுகம் அருளுவாராக. ஆமென்.