அம்மைக்குச் சான்றிதழ் யார் கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் சி.பி.எஸ்.இ. பள்ளியொன்றில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற மாதம் அவளுக்குச் சின்னம்மை போட்டது. எங்கள் பக்கம் அம்மை போட்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வழக்கம் இல்லை. நிலைப்படியில் வேப்பிலை செருகி, தனியே படுக்க வைத்து, இளநீரும் மோருமாகக் கொடுத்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகே வெளியே விடுவோம். எல்லாம் அப்படியே சரி என்று வாதாட வரவில்லை. ஆனால் கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்பதில் பாட்டி சொல்வதும் டாக்டர் சொல்வதும் ஒன்றுதான்.

விடுப்புக் கடிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். பிள்ளையின் நெற்றியிலும் கழுத்திலும் தழும்பு இன்னும் கருத்துக் கிடக்கிறது. வகுப்பாசிரியை பார்த்து இரக்கப்பட்டார். அலுவலகத்திலோ, ‘மெடிக்கல் சர்டிபிகேட் இல்லேன்னா ஆப்சென்ட்தாம்மா’ என்று கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கிளினிக்குக்கு வழியும் சொன்னார்கள். அங்கே போனால், ‘எத்தனை நாளைக்கு வேணும்?’ என்பதுதான் முதல் கேள்வி. பிள்ளை எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்காமல் வந்துவிட்டேன்.

பள்ளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பது சி.பி.எஸ்.இ. வாரியத்தின் பழைய விதி. நோய், தேசிய அளவிலான விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்கு ஆவணம் காட்டினால் 25 சதவீதம் வரை தளர்வு உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பு பிடியை இன்னும் இறுக்கியது. நோய்க்காக விடுப்பு எடுத்தால் உடனே மருத்துவச் சான்றுகளோடு விண்ணப்பிக்க வேண்டும். எழுத்தில் விண்ணப்பம் இல்லாமல் வராதவர்கள் ‘டம்மி’ மாணவர்களாகக் கருதப்படலாம் என்றது.

பெயரைப் பள்ளியில் பதிந்துவிட்டு நீட், ஜே.இ.இ. கோச்சிங்கிலேயே கிடப்பவர்களுக்கு விரித்த வலை இது. விரிக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு ஒரு சர்டிபிகேட் வாங்குவது பெரிய காரியமா? தினமும் வகுப்புக்கு வந்து, நிஜமாகவே நோயில் விழுந்த பிள்ளைதான் இதில் மாட்டிக்கொள்கிறது. இது போதாதென்று ஆண்டு விழாவில் ‘நூறு சதவீத வருகை’க்குக் கோப்பை வேறு! மெட்ராஸ் ஐயோடு வந்து உட்கார்ந்து பெஞ்சுக்கே பரப்பும் பிள்ளைக்கும் அதே கைதட்டல்தான்.

ஆண்டுக்கு 200 சொச்சம் வேலை நாள் என்றால் அதில் கால்வாசி 50 நாள்; அவ்வளவு நாள் வராவிட்டாலும் 75 சதவீதம் குறையாது. அதனால் பத்துப் பதினைந்து நாளில் தீரும் நோய்க்குப் பெற்றோர் கையெழுத்தும் வகுப்பாசிரியரின் ஒப்புதலும் போதும் என்று வாரியம் சொல்லிவிடலாம். மாதக்கணக்கில் வராத பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கட்டும். டம்மி யார் என்று வருகைப் பதிவேடே காட்டிக்கொடுத்துவிடும். பொதுத்தேர்வுக்கான வருகையை ஜனவரி 1 வரை கணக்கிடுகிறார்கள். அதற்குள் பள்ளிகளுக்கு இதைத் தெளிவாக எழுதி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
ஒட்டன்சத்திரம்.